பழைய கேம்பர் வேனில் ஃபேன் பெல்ட் அறுந்தால்: மாற்றுவது சுலபம், பார்க்க வேண்டியது வேறு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். 1974 மாடல் ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன், போன வருடம் ஜெர்மனியில் வாங்கியது. மியூனிக்கிலிருந்து கார்மிஷ் போகும் ஏ95 சாலையில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. பேட்டரி சார்ஜ் ஆகவில்லை போலிருக்கிறது, அடுத்த எக்ஸிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள். நிறுத்திப் பின்மூடியைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது, பெல்ட் துண்டாகிக் கிடக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார்கள், நண்பர் ஒருவர் வால்வெல்லாம் வளைந்திருக்கும் என்றார். "பெல்ட்டை நானே மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த ஏழு கிலோமீட்டரில் இன்ஜின் போய்விட்டதா என்பதுதான் என்று நினைக்கிறேன். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. முடித்து அம்பாசிடரிலும் மெட்டடோரிலும் கை பழகியவன். இப்போது இருபத்திரண்டு வருடமாக ஜெர்மனியில், பெரும்பாலும் பழைய வண்டிகளிலேயே வேலை. ஏர் கூல்டு ஃபோக்ஸ்வேகன் பெல்ட் எத்தனை மாற்றியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. படத்தையும் நீங்கள் எழுதியதையும் வைத்துத்தான் பேசுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நண்பர் சொன்ன வால்வு விஷயத்தை முதலில் தள்ளிவிடலாம். அவர் டைமிங் பெல்ட்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றும் பெல்ட்டை, நினைத்துப் பேசியிருக்கிறார். உங்கள் இன்ஜினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, கேம் ஷாஃப்டைச் சுற்றுவது கிராங்கில், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் தண்டில், இருக்கும் கியர். வெளியே தெரியும் அந்த ஒற்றை பெல்ட் அறுந்ததால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்க வழியே இல்லை. 1990-க்குப் பிறகு வந்த டி4 வேன் டீசலாக இருந்தால் கதை வேறு. அதில் டைமிங் பெல்ட் அறுந்தால் நண்பர் சொன்னது அப்படியே நடக்கும். ஆகவே டி4 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கீழே நான் எழுதுவது உங்களுக்கு இல்லை.

அடுத்து, எந்த இன்ஜின் என்பது. 1974 மாடலில் 1600 சி.சி.யும் இருக்கலாம், 1800-உம் இருக்கலாம். இரண்டும் ஏர் கூல்டுதான், ஆனால் பெல்ட் அறுந்தால் நடப்பது நேர் எதிர். 1800-இல் ஃபேன் கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே மாட்டியிருக்கும். பெல்ட் வெறும் ஆல்டர்னேட்டருக்குத்தான், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிக்கு. அது அறுந்தாலும் காற்று வீசிக்கொண்டே இருக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் பகல் வெளிச்சத்தில், லைட்டும் வைப்பரும் போடாமல், ஒரு மணி நேரம் ஓட்டி வீட்டுக்கே போய்விடலாம். 1600-இல் அப்படி இல்லை. ஃபேன் டைனமோவின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறது, டைனமோவைச் சுற்றுவது அந்த பெல்ட். பெல்ட் போனால் சார்ஜும் போச்சு, காற்றும் போச்சு. முழு வேகத்தில் அந்த ஃபேன் நொடிக்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ளும். இன்ஜினுக்கு ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது, அந்தக் காற்றுதான் எல்லாம். ஆயில் கூலருக்கும் அதே ஃபேனிலிருந்துதான் காற்று, ஆகவே ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடி) சேர்ந்து ஆயிலும் கொதிக்கும். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இன்ஜினுக்கு மேலே தகர உறை நிமிர்ந்து நிற்கிறது, புல்லி மேலே டைனமோ முனையில் தெரிகிறது. அப்படியானால் உங்களுடையது 1600.

இப்போது அந்தச் சிவப்பு விளக்கு. கம்பெனி கொடுத்த டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் கிடையாது. சார்ஜ் விளக்குதான் மறைமுகமாக அந்த வேலையையும் செய்கிறது. பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், விளக்கு எரியும். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் நீங்கள் நினைத்தது போலத்தான் பேட்டரி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெல்ட் இருக்கிறது, தளராமல் இறுக்கமாக இருக்கிறது என்றால் டைனமோ பிரஷ்ஷோ ரெகுலேட்டரோதான், மெதுவாகப் போய்ச் சேரலாம். பெல்ட் இல்லை என்றால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

ஓரம் கட்டுவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இந்த வண்டியில் இன்ஜின் பின்னால். ஆட்டோபான் ஓரத்தில் நின்று பெல்ட் மாற்றுகிறேன் என்று குனிந்தால், லாரிகள் வேகமாக வரும் பக்கம் உங்கள் முதுகு இருக்கும். மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முக்கோணத்தை வைத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஆள் கூப்பிடுங்கள். வேலையை பார்க்கிங்கில் வைத்துக்கொள்ளலாம். நைலான் ஸ்டாக்கிங்கை முறுக்கிக் கட்டினால் போகும் என்று ஒரு கதை எல்லா நாட்டிலும் உலவுகிறது. கோவையில் அம்பாசிடருக்குக் கயிறு கட்டிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். உங்கள் 1600-இல் அந்த பெல்ட் இழுக்கும் ஃபேன் பெரியது, முடிச்சு புல்லியில் நிற்காது. டிக்கியில் ஒரு பெல்ட் கிடந்தால் அந்தக் கதையே தேவையில்லை.

சரி, மாற்றும் வேலை. பெல்ட்டுக்காக இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னவர் ஒன்று வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை, இல்லை ஹெட்டைத்தான் சந்தேகப்பட்டுச் சொல்லியிருக்கிறார். பெல்ட்டுக்கு மட்டும் என்றால் எதையும் கழற்ற வேண்டாம். 21 நம்பர் ஸ்பேனர் அல்லது பாக்ஸ், உறுதியான ஒரு ஸ்க்ரூ டிரைவர், இவ்வளவுதான். முதல் தடவை முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பழகினால் கால் மணி நேரம். பெல்ட் வாங்கும்போது அளவு முக்கியம். டைனமோ வைத்த 1600-க்குப் பொதுவாக 9.5 மி.மீ. அகலம், 905 மி.மீ. நீளம். பிற்காலத்தில் யாராவது ஆல்டர்னேட்டராக மாற்றியிருந்தால் புல்லியும் அகலமாக இருக்கும், பெல்ட்டும் அகலமானது வேண்டும். பழைய துண்டுகளைத் தூக்கிப் போடாமல் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், முதுகில் எழுத்து மிச்சம் இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். டைனமோ தலையில் இருக்கும் ஒயரில் ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் பைப். மேல் புல்லி இரண்டு பாதிகளாகச் சேர்ந்தது. உள்பாதியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, டைனமோவின் மேல் போல்ட்டில் முட்டுக் கொடுத்துப் பிடித்தால் புல்லி சுற்றாது. அப்படிப் பிடித்துக்கொண்டு 21 நட்டை இடது பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். நட்டுக்கு அடியில் சில மெல்லிய வாஷர்கள் வரும், அப்புறம் புல்லியின் வெளிப்பாதி, அதற்குப் பின்னால் இன்னும் சில வாஷர்கள். ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். ஒரு துணியை விரித்து, வெளியே இருந்தவை தனி, உள்ளே இருந்தவை தனி என்று வரிசையாக வையுங்கள்.

இந்த வாஷர்கள்தான் இந்த வண்டியில் பெல்ட் இறுக்கும் ஏற்பாடு. மற்ற வண்டிகளில் டைனமோவைத் தள்ளி இறுக்குவோம், இதில் டைனமோ அசையாது. இரண்டு பாதிகளுக்கு நடுவில் வாஷர் குறைந்தால் பாதிகள் நெருங்கும், பெல்ட் புல்லியில் மேலேறும், இறுகும். நடுவில் வாஷரைக் கூட்டினால் தளரும். நடுவிலிருந்து எடுத்ததை வெளியே நட்டுக்கு அடியில் போட வேண்டும். ஷாஃப்டில் இருக்கும் மொத்த எண்ணிக்கை மாறவே கூடாது, மாறினால் நட்டு சரியாக உட்காராது. இங்கே புதிதாகச் செய்பவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். பழைய பெல்ட் தேயத் தேய, முன்பு வைத்திருந்தவர் வாஷர்களை ஒவ்வொன்றாக வெளியே மாற்றிக்கொண்டே வந்திருப்பார். அதே கணக்கில் புது பெல்ட்டைப் போட்டால் கம்பி போல விறைத்து நிற்கும். அதனால் புது பெல்ட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று வாஷர் கூடுதலாக வைத்தே ஆரம்பியுங்கள்.

பெல்ட்டை முதலில் கீழே கிராங்க் புல்லியில் மாட்டி, மேலே உள்பாதியின் மேல் தொங்கவிடுங்கள். வாஷர், வெளிப்பாதி, மீதி வாஷர், நட்டு. இனிமேல்தான் பொறுமை வேண்டும். நட்டை ஒரேயடியாக இறுக்கினால் பெல்ட் இரண்டு பாதிகளின் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாக அழகாக இருக்கும், உண்மையில் பெல்ட்டின் அடிப்பக்கத்தைப் புல்லி கடித்துக்கொண்டிருக்கும். ஜெர்மனிக்கு வந்த முதல் வருடத்தில் நானே இப்படிச் செய்திருக்கிறேன். இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்தது. பெல்ட்டின் உள்விளிம்பு எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தது, முதலாளி அதை என் மேஜை மேல் ஒரு வாரம் தொங்கவிட்டிருந்தார். ஆகவே நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள், இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள், மறுபடி கால் சுற்று. சுற்றச் சுற்ற பெல்ட் தானாகப் பள்ளத்திலிருந்து மேலே ஏறி உட்காரும். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி முட்டுக் கொடுத்து இறுக்குங்கள், சுமார் 60 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் சாதாரண நீளமுள்ள ஸ்பேனரில் நன்றாக இழுத்தால் போதும், மேலே ஏறி நிற்க வேண்டாம். என்ன அவசரமானாலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் புல்லி விளிம்புக்கு மேல் பெல்ட்டை நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் நூல் அறும், அது வெளியே தெரியாது.

இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதைவிடக் கூடுதலாகப் போனால் வழுக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும், விளக்குகூட எரியாமல் இன்ஜின் சூடேறும். குறைவாகப் போனால் டைனமோ பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள்தான் பேரிங்கையும் சேர்த்து வாங்குகிறவர்கள்.

பெல்ட் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்து ஏன் அறுந்தது என்று பாருங்கள். பெல்ட் இல்லாத நிலையில் மேல் புல்லியைக் கையால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரவென்றால், அல்லது பிடித்து ஆட்டினால் ஆடினால், பேரிங் போயிருக்கிறது. அதே டைனமோவில் புது பெல்ட் போட்டால் அதுவும் அறும். சுற்றும்போது உள்ளே தகரம் உரசும் சத்தம் வந்தால் ஃபேன் உறையில் இடிக்கிறது. புல்லியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்போ உடைந்த விளிம்போ இருந்தால் அது பெல்ட்டை அறுக்கும் கத்தி. பெல்ட் துண்டில் ஆயில் ஊறியிருந்தால் எங்கிருந்து ஆயில் வருகிறது என்று தேட வேண்டும். இது எதுவும் இல்லை, துண்டை மடக்கினால் வெடிப்பு வெடிப்பாகத் தெரிகிறது என்றால் வயசாகி அறுந்தது, அவ்வளவுதான். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இதுதான். இந்த வேன்கள் வருடத்தில் பத்து மாதம் கொட்டகையில் நிற்கின்றன, ரப்பர் நின்றபடியே கிழமாகிறது. அங்கே குனிந்திருக்கும்போதே பெட்ரோல் ஹோஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் பெல்ட்டுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். இந்த வேன்கள் நடுரோட்டில் எரிந்து போவது பெரும்பாலும் அந்த நாலணா ஹோஸால்தான்.

இனி அந்த ஏழு கிலோமீட்டர். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம், ஊகம் நிறைய. ஏழு கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்து நின்ற இன்ஜினும் பார்த்திருக்கிறேன், அதைவிடக் கூடுதலாக ஓடியும் ஒன்றும் ஆகாததும் பார்த்திருக்கிறேன். குளிர்காலமா, மேடா, என்ன வேகம், என்ன சுமை, எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். நீங்கள் நிறுத்தும்வரை இன்ஜின் தானாக நிற்கவில்லை, இழுவை குறைந்ததாகவும் எழுதவில்லை. அது நல்ல அறிகுறி, அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட முடியாது.

ஆகவே புது பெல்ட்டைப் போட்டதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்து, தண்ணீர் போல ஓடினால் அந்த ஆயில் செத்துவிட்டது. வாடை இல்லாவிட்டாலும் நான் மாற்றியே விடுவேன், இரண்டரை லிட்டர்தானே. இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது, அடியில் ஆறு சின்ன நட்டுகளில் ஒரு தட்டும் அதற்கு மேல் ஒரு கம்பி வலையும் இருக்கும். அந்த வலையை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் கருப்புச் சேறு சகஜம். வெள்ளி மினுக்கலாக இருந்தால் அலுமினியம், அதாவது பிஸ்டனோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. சிவப்பு விளக்கோடு ஊர் போய்ச் சேர்ந்த ஒருவருடைய வலையை நான் ஒருமுறை கழற்றினேன், வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டுதான் இருந்தது. விரலில் ஒட்டியது தீபாவளி மத்தாப்புச் சாம்பல் மாதிரி மின்னியது. அந்த இன்ஜின் அடுத்த மாதம் பிரித்துப் போடப்பட்டது.

வலை சுத்தமாக இருந்தால் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயும் பிடிக்காமல் ஒரே மாதிரி வர வேண்டும். பிறகு ராக்கர் கவரைத் திறந்து வால்வு இடைவெளி பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் 0.15 மி.மீ. எல்லாம் கிட்டத்தட்ட சரியாக இருந்து ஒன்றில் மட்டும் இடைவெளியே இல்லை என்றால் அந்த வால்வு நீண்டிருக்கிறது, அல்லது ஹெட்டில் அதன் சீட் தேய்ந்து உள்ளே போயிருக்கிறது. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இதைத் தனியாகக் கவனியுங்கள். அதை வெறுமனே அட்ஜஸ்ட் செய்து ஓட்டக் கூடாது. கடைசியாக கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது. 7 முதல் 9 பார் இருந்தால் நல்ல இன்ஜின். நாலும் 6 என்றால் வயசான இன்ஜின், ஓட்டலாம். மூன்று 8 காட்டி ஒன்று 4 காட்டினால் அந்தப் பக்க ஹெட் கழற்றியாக வேண்டும். அப்போதுதான் இன்ஜின் இறக்கும் பேச்சு, அதுவும் கையிருப்பவருக்கு இந்த வண்டியில் அரை நாள் வேலைக்குக் குறைவுதான்.

இத்தனையும் சரியாக வந்தாலும் ஹெட்டில் மயிரிழை வெடிப்பு இல்லை என்று வெளியிலிருந்து யாரும் உறுதி சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதைச் சொல்லப்போவது அடுத்த ஆயிரம் கிலோமீட்டர்தான். ஒரு சிலிண்டர் தட்டினால், ஹீட்டர் வழியாகப் புகை வாடை உள்ளே வந்தால், நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதுவரை ஆல்ப்ஸ் ஏற்றம் வேண்டாம், ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள்.

புது பெல்ட் முதல் நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். கட்டை விரலால் மறுபடி அழுத்திப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் போனால் நடுவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளியே போடுங்கள். இன்னொரு புது பெல்ட், 21 நம்பர் ஸ்பேனர், அந்த ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், நான்கையும் பழைய காலுறை ஒன்றில் போட்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகி வையுங்கள். கேஸ் அடுப்புக்கு அடியில் போட்டால், தேவைப்படும் ராத்திரியில் பாத்திரத்தையெல்லாம் இறக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.